பாரந்தூக்கி எந்த ஏரியா?

சென்ற மாதம் ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டார். வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதித் தரும் நிறுவனம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். இரண்டு ரோபோப் படைகள் ஒரு கிரகத்துக்காக அடித்துக்கொள்ளும் தொடர் அவர் கைக்கு வந்திருக்கிறது. முதல் வரைவைக் கணினியே போட்டுத் தந்துவிடுகிறதாம். அதைத் திருத்துவதுதான் அவர் வேலை.

"மேடம், கம்ப்யூட்டர் எல்லா ரோபோவுக்கும் ஒரே தமிழ் குடுக்குது. கண்ண மூடிக் கேட்டா யார் பேசுறாங்கன்னே தெரியல. நீங்க முன்னாடி ரோபோ காமிக்ஸ் பண்ணீங்கன்னு சொன்னாங்க. எந்தத் தமிழ்ல பேச வெச்சீங்க?"

ஒரு வரியில் சொல்ல முடியவில்லை. ராயபுரத்தில் ஓர் அச்சகத்தில் நாங்கள் நான்கு பேர் ஒரு மாதம் முழுக்க இதே கேள்வியோடு இருந்திருக்கிறோம். அந்த மாதத்தில் ஒருவருடைய வேலை போகப் பார்த்தது. கூப்பிட்ட பெண்ணிடம் தொலைபேசியில் பாதிதான் சொன்னேன். முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

அச்சகத்துக்கு முன்னால் நான் ஒரு மாலை நாளிதழில் இருந்தேன். முதலில் பிழை திருத்தம், பிறகு செய்தி மேசை. அங்கே கற்றது இரண்டு விஷயம். இடம் எவ்வளவோ அவ்வளவுதான் சொல். தலைப்பில் ஓர் எழுத்து கூடினாலும் போர்மேன் மாடியேறி வந்து பேசாமல் பக்கத்தில் நிற்பார். இரண்டாவது, ஆள் யார் என்பது முதல் வரியிலேயே தெரிய வேண்டும். "யாருன்னு தெரியாத செய்திக்குப் பேரு வதந்தி" என்பார் எங்கள் தலைமை உதவி ஆசிரியர். தொண்ணூறுகளின் கடைசியில் அந்த நாளிதழ் நின்றது. மொழிபெயர்க்கத் தெரிந்தவர் தேவை என்ற சிறு விளம்பரத்தைப் பார்த்து, ராயபுரம் கல்மண்டபம் பக்கத்துச் சந்தில் இருந்த அச்சகத்துக்குப் போனேன்.

காலண்டர், கல்யாணப் பத்திரிகை, மளிகைக் கடை பில் புத்தகம் அடிக்கும் இடம் அது. முன்புறம் காகித மொத்த வியாபாரம், பின்புறம் ஒற்றை வண்ண ஆஃப்செட் மெஷின். தெருமுனையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கும். வரிசை நகரும்போது மேஜை அதிரும். பக்கம் ஒட்டும் கலைச்செல்வி உடனே பிளேடைக் கீழே வைத்துவிட்டு, லாரி போன பிறகுதான் மறுபடி எடுப்பாள்.

முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். திருச்செந்தூர்ப் பக்கத்து ஊரிலிருந்து சின்ன வயதில் மாமாவின் மளிகைக் கடைக்கு வேலைக்கு வந்தவர். கடை திருவொற்றியூரில். பொட்டலம் மடிக்க வாங்கும் பழைய காகிதக் கட்டுகளில், கப்பல்காரர்கள் படித்துவிட்டுப் போட்ட ஆங்கில காமிக்ஸ்களும் வருமாம். அவற்றில் ரோபோக்கள் சண்டை போடும் பக்கங்களை மட்டும் உருவி, அரிசி மூட்டைக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்.

"எனக்கு இங்கிலீசு ஏதும்மா? யாரு எவன அடிக்கான், எதுக்கு அடிக்கான், ஒண்ணும் வெளங்காது. ஆனா அதுல மொளகாப்பொடி மடிக்க மனசு வராது பாத்துக்கிடுங்க" என்று என்னைச் சேர்த்துக்கொண்ட அன்று சொன்னார். அந்தச் சண்டை எதற்காக நடந்தது என்பதைத் தமிழில் தெரிந்துகொள்ளத்தான் அவர் ரோபோ காமிக்ஸின் உரிமையை வாங்கினார் என்று நினைக்கிறேன். பம்பாய் ஏஜெண்ட் ஒருவர் மூலமாக வந்த ஒப்பந்தம் அது. ஆறு பாகங்கள், மாதம் ஒன்று. ஒரு மாதம் தவறினால் மீதிப் பாகங்களை ஏஜெண்ட் வேறு யாருக்கும் கொடுத்துவிடலாம். தமிழில் 'எஃகுப் போர்' என்று பெயர் வைத்தோம்.

வேலை இப்படி நடக்கும். மூலப் பக்கங்கள் கருப்புக் கோட்டுப் படங்களாகப் பம்பாயிலிருந்து வரும். வண்ணத்துக்கான பிலிம் தனி. அது எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆங்கில வசனம் இருக்கும் பலூன்களை கலைச்செல்வி போஸ்டர் வெள்ளையால் மூடுவாள். நான் எழுதிக் கொடுப்பதைக் கணினியில் அடித்து, அச்செடுத்து, பிளேடால் நறுக்கி, பலூனுக்குள் ஒட்டுவாள். தமிழ் வாக்கியம் ஆங்கிலத்தைவிட நீளம். 'நில்' என்று மூலத்தில் இருந்தால் பிழைத்தோம். 'நாங்கள் சரணடைய மாட்டோம்' என்று இருந்தால் பலூனைவிட்டு வெளியே வழியும். அங்கேதான் செய்தி மேசை எனக்குக் கைகொடுத்தது.

ஒட்டி முடித்த பக்கங்களைச் சுவரோரம் கட்டிய கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவோம். அண்ணாச்சி வருவார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் கோத்தபடி, முதல் பக்கத்திலிருந்து சத்தமாக வாசிப்பார். எல்லாப் பாத்திரங்களுக்கும் அவரே குரல். குண்டு வெடித்தால் அதையும் வாசிப்பார். நான் அங்கே இருந்த ஆண்டுகளில் அவர் யாரையும் திட்டிக் கேட்டதில்லை. ஒரு பக்கம் பிடிக்கவில்லையென்றால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். "இருக்கட்டும்" என்பார். அப்படியென்றால் அந்தப் பக்கம் திரும்ப என் மேஜைக்கு வர வேண்டும். பிடித்துவிட்டால் பாராட்டெல்லாம் கிடையாது. அந்தப் பக்கத்தையே இன்னொரு தடவை வாசிப்பார். அந்த இரண்டாவது வாசிப்புக்காகத்தான் நாங்கள் வேலை செய்தோம்.

மெஷினை ஓட்டியவர் தேவராஜ். வியாசர்பாடிக்காரர். இளமையில் குத்துச்சண்டை போட்டவர் என்பது மூக்கைப் பார்த்தாலே தெரியும். நான் எல்லாருடைய எழுத்தையும் திருத்துவேன் என்பதால் எனக்கு 'டீச்சரம்மா' என்று பெயர் வைத்தவர் அவர்தான். அண்ணாச்சி காகிதக் கடை மட்டும் வைத்திருந்த நாளிலேயே அவரிடம் சேர்ந்துவிட்டார்.

முதல் பாகம் வெளிவந்ததும் சிக்கல் தெரிந்தது. கதையில் ஒரு படைக்குச் சிவப்புக் கண், இன்னொரு படைக்கு நீலக் கண். தலைவர்கள் இருவரைத் தவிர மற்றவர்களுக்கு வேறு வித்தியாசம் கிடையாது. எங்கள் புத்தகம் கருப்பு மையில், செய்தித்தாள் காகிதத்தில். இரண்டு படைக்கும் சாம்பல் கண்தான். லாரி வரிசைக்குப் பக்கத்து டீக்கடைக்காரர் சில பிரதிகளைத் தொங்கவிட்டிருந்தார். வாங்கிய ஒரு லோடுமேன் அதை என்னிடமே திருப்பிக் காட்டினார்.

"ரெண்டு பக்கமும் தகரமாத்தான் கீது. இதுல யாருமா நம்மாளு? நான் யாருக்குக் கை தட்றது?"

யார் என்று தெரியாத செய்தி. எங்கள் தலைமை உதவி ஆசிரியர் கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

அண்ணாச்சி ஒரு வழி சொன்னார். கண்ணால் பிரிக்க முடியாததைக் காதால் பிரிக்கலாம். நல்ல படையின் தலைவன் காவலன்; வெள்ளைக் கவசம் அணிந்தவன். அவனும் அவன் ஆட்களும் நல்ல தமிழ் பேசட்டும். எதிர்ப்படையின் தலைவன் ஒரு பிரம்மாண்டமான கிரேன் ரோபோ. அவனுக்குப் பாரந்தூக்கி என்று பெயர் வைத்திருந்தோம். சுமை ஏற்றும், சுரங்கம் தோண்டும் ரோபோக்களைத் திரட்டிக் கலகம் செய்பவன். அவர்கள் மெட்ராஸ் பாஷை பேசட்டும். சினிமாவில் அடியாள் பேசும் சொற்கள் சிலவற்றை அண்ணாச்சியே வரிசையாகச் சொன்னார். அவர் அதில் எந்தக் கெட்ட எண்ணமும் வைக்கவில்லை. பார்த்த படங்களில் அப்படித்தான் இருந்தது.

இரண்டாம் பாகம் அந்த முறையில் வந்தது. குழப்பம் நின்றது. பிரதிகளும் கூடுதலாகப் போயின.

மூன்றாம் பாகம் மெஷினில் ஓடிக்கொண்டிருந்த ஒரு காலை, சத்தம் நின்றது. தேவராஜ் கையைத் துடைத்துக்கொண்டு முன்புறம் வந்தார். மெஷின் ஓட்டுபவர்கள் மையைப் பார்ப்பார்கள், வாசகத்தைப் பார்க்க மாட்டார்கள். முந்தைய நாள் மாலை வியாசர்பாடி மைதானத்தில் கால்பந்து பார்க்கப் போனபோது, கூட்டத்தில் ஒருவர் இரண்டாம் பாகத்தைக் காட்டி, "இன்னா தேவா, உங்க புக்ல கெட்டவன்லாம் நம்மள மாதிரியே பேசறான்?" என்று கேட்டிருக்கிறார். அதன் பிறகுதான் இவர் படித்திருக்கிறார்.

"அண்ணாச்சி, ஒரு டவுட்டு."

"சொல்லும் வே."

"இந்தத் தகர டப்பா எங்களுக்கு இன்னா சொந்தம்? எங்கம்மா பேசற பேச்ச இவன் வாயில வெச்சிக்கீறீங்க."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். "அவன் வில்லன்லா வே. வாசிக்கவனுக்கு ஆளு யாருன்னு தெரியணும்லா. சினிமாவுல அப்படித்தான பேசுதான்?"

"சினிமாவுல உங்க ஊர்க்காரன் எப்டி வரான்? மளிகக் கட வெச்சிகினு, எட கம்மியா போட்டுகினு, ஏலே ஏலேன்னு கூவிகினு கீறான். அன்னிக்கி டிவில அந்த மாதிரி ஒரு படம் ஓட சொல்ல நீங்கதான எந்திரிச்சிப் போயி ஆஃப் பண்ணீங்க? நாங்க யாருனா சிரிச்சமா?"

கலைச்செல்வி மேஜைக்கடியில் எதையோ தேடுவது போலக் குனிந்தாள். அன்று அவள் சிரித்ததை நான் பார்த்திருந்தேன்.

"இன்னொண்ணு. பக்கத்துக்குப் பக்கம் கஸ்மாலம்னு போட்டுக்கீறீங்க. எங்க தெருவுல ஒருத்தன் வாயிலயும் அத்த நான் கேட்டதில்ல. சண்டைல கூட."

"பின்ன சண்டையில என்ன சொல்லுவீரு?"

"அத்த அச்சடிக்க முடியாது அண்ணாச்சி."

எனக்குச் சிரிப்பு வந்தது. தேவராஜுக்கு வரவில்லை. "இந்தப் பாகத்த முடிச்சிட்றேன். மெஷின்ல ஏறினத பாதில உடக்கூடாது. அடுத்த பாகமும் இப்டித்தான்னா வேற ஆளு பாத்துக்கோங்க. நான் ஓட்டமாட்டேன்" என்றார்.

அண்ணாச்சி கண்ணாடியை நெடுநேரம் துடைத்தார். "இருக்கட்டும்" என்றார்.

தேவராஜ் சொன்னது வெறும் கோபப் பேச்சு இல்லை. கொருக்குப்பேட்டைக்கு ஆள் அனுப்பினால் சாயங்காலத்துக்குள் வேறு மெஷின் மேன் கிடைத்துவிடுவார். ஆனால் தேவராஜுக்கு வேறு மெஷின் கிடைப்பது கடினம். நான்கு வண்ண மெஷின்கள் வந்து, ஒற்றை வண்ணம் ஓட்டுபவர்களைக் கேட்பாரில்லாமல் போய்க்கொண்டிருந்த காலம். அவருக்கும் நாற்பதைத் தாண்டிவிட்டது. இதெல்லாம் அவருக்குத் தெரியும்.

அண்ணாச்சியின் பக்கமும் எனக்குத் தெரிந்தது. பேச்சை மாற்றினால் மறுபடியும் யார் எவர் என்ற குழப்பம், புத்தகம் படுத்துவிடும். மாற்றாவிட்டால் தேவராஜ் போய்விடுவார். மெஷினை நிறுத்தி வைத்தால் மாதம் தவறும், உரிமை போய்விடும்.

அடுத்த வாரம் கொருக்குப்பேட்டையிலிருந்து ஒருவர் வந்து மெஷினைப் பார்த்தார். அண்ணாச்சி சொல்லியனுப்பி வந்தவர் என்று எல்லாருக்கும் புரிந்தது. தேவராஜ் அவருக்குத் தானே டீ வாங்கி வரச் சொன்னார். மெஷினைச் சுற்றிக் காட்டினார்.

"மூணாவது ரோலரு காலைல கொஞ்சம் மொரண்டு புடிக்கும். திட்டாத. சும்மா பேசிகினே ஓட்டு, அப்பால சரியாயிடும்."

வந்தவர் தலையாட்டிவிட்டு, "சொல்லி அனுப்புங்க அண்ணாச்சி" என்று கிளம்பினார். அண்ணாச்சி அவருக்குச் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் நான்காம் பாகத்தை மொழிபெயர்ப்பது என் வேலை. ஆறு பாகங்களிலும் அதுதான் உயிரான பாகம். இரண்டு படைகளும் ஒரு பெரிய கப்பல் துறையில் மோதுகின்றன. துறையின் கூரை சரிகிறது. அடியில் சிக்கியவர்களில் இரண்டு தரப்பும் உண்டு. பாரந்தூக்கி தன் இரும்புக் கைகளால் கூரையைத் தாங்கிக்கொண்டு எல்லாரையும் வெளியே விடுகிறான். கடைசியில் உள்ளே அவன் மட்டும் இருக்கிறான். கால் நசுங்கிவிட்டது. காவலன் திரும்பி வருகிறான். இடிபாடு விழுந்து அவன் வெள்ளைக் கவசம் உடைகிறது. பாரந்தூக்கி அவனைப் போகச் சொல்கிறான். காவலன் கையை நீட்டுகிறான். மூலத்தில் அந்தப் பலூன் மிகச் சிறியது. கையைக் கொடு என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

'என் கரத்தைப் பற்றிக்கொள், எதிரியே!' என்று முதலில் எழுதினேன். பலூனில் பாதிதான் கொண்டது. 'கரம் கொடு' என்று குறைத்தேன். கொண்டது. ஆனால் படத்தில் கூரை விழுந்துகொண்டிருக்கும்போது இவன் மேடையில் நிற்பதுபோல் இருந்தது. 'கையைப் பிடி' என்றால் போக்குவரத்துக் காவலர் பேசுவதுபோல் இருந்தது. ஒவ்வொன்றாக அடித்தேன்.

அப்படி அடித்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு லாரி பின்னோக்கி வந்து எங்கள் சுவரில் இடித்தது. மேஜை எகிறியது. கலைச்செல்வியால் பிளேடைக் கீழே வைக்க முடியவில்லை.

கலைச்செல்வியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கொருக்குப்பேட்டை ரயில் பாதையோரத்தில் வீடு. கணினி வகுப்பில் சேர்ந்தபோது பேச்சையும் மாற்றிக்கொண்டாள். தொலைபேசியை எடுத்தால் "வணக்கம், சொல்லுங்க, நாங்க எப்படி உதவலாம்" என்பாள். அச்சகத்தில் அவள் வாயிலிருந்து ஒரு 'கீது' வந்து நான் கேட்டதில்லை. தேவராஜ் அவளை 'ரேடியோ ஸ்டேசன்' என்று கிண்டல் செய்வார்.

அந்தப் பெண் விரலைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "ஐயோ யம்மா, அறுத்துகினேன். ரத்தம் வந்துகினே கீதுபா, நிக்கவே மாட்டேங்குது."

தேவராஜ் மெஷினைத் தாண்டி ஓடி வந்தார். துணியைச் சுற்றினார். "கைய குடு. குடுமா கைய. ஒண்ணியும் இல்ல, நான் கீறன்ல" என்று அழுத்திப் பிடித்துக்கொண்டார். ரத்தம் நின்ற பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "ரேடியோ ஸ்டேசன் புட்டுகிச்சு. உள்ளருந்து கொருக்குப்பேட்ட வந்துச்சு பாரு" என்றார். அவள் அழுகையோடு சிரித்தாள்.

எனக்கு முன்னால் நான்காம் பாகத்தின் அந்தப் பக்கம் இருந்தது. அதை மறுபடி பார்த்தேன். மொழிபெயர்க்கிறவர்கள் பலூனைப் பார்ப்பார்கள். படத்தைப் பார்ப்பது குறைவு. கவசம் உடைந்த இடத்தில் காவலனின் தோளில் ஒரு முத்திரை தெரிந்தது. வட்டத்துக்குள் ஒரு நங்கூரம். முதல் பாகத்தை எடுத்துப் பாரந்தூக்கியின் தோளைப் பார்த்தேன். அதே வட்டம், அதே நங்கூரம். இரண்டு பேரையும் ஒரே பட்டறையில் வார்த்திருக்கிறார்கள். ஓவியர் அதை ஒரு சொல் பேசாமல் வரைந்துவிட்டுப் போயிருந்தார்.

தேவராஜ் சொன்னதை அப்படியே எடுத்தேன். ஒரு சொல் மட்டும் சேர்த்தேன். பலூனுக்குள் சரியாகக் கொண்டது. பாரந்தூக்கியின் வசனங்களையும் முதலிலிருந்து மாற்றி எழுதினேன். சினிமாச் சொற்களை எடுத்துவிட்டு, அச்சகத்தில் என் காதில் விழுந்தபடி பேசவிட்டேன். விரலில் கட்டோடு கலைச்செல்வி ஒட்டினாள். அந்தப் பலூனை ஒட்டும்போது என்னைப் பார்த்தாள்.

பக்கங்கள் கம்பியில் தொங்கின. அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். தேவராஜ் கதவோரம் நின்றார். அடுத்த நாள் பிலிமுக்குப் போக வேண்டும். யார் மெஷின் ஓட்டுவது என்று இன்னும் முடிவாகவில்லை.

அண்ணாச்சி வாசித்துக்கொண்டே வந்தார். கூரை சரியும் சத்தத்தை நன்றாகவே செய்தார். பாரந்தூக்கியின் இடம் வந்தது.

"நீ போ. இன்னாத்துக்கு ரெண்டு பேரும் சாவணும்?"

அடுத்தது காவலன். அண்ணாச்சி வரியைக் கண்ணால் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"எம்மா, இது காவலன் பேசுதது. மாறிப் போச்சு பாருங்க."

"மாறல அண்ணாச்சி. அவன்தான் பேசுறான்."

"மூணு பாகமா நல்ல தமிழ்லா பேசுதான்?"

"கவசம் போட்டிருந்தான், பேசினான். இப்ப உடைஞ்சிடுச்சு. தோள்ல என்ன முத்திரை இருக்குன்னு பாருங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். முதல் பாகத்தையும் நீட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பொட்டலக் காகிதத்திலிருந்து உருவி வைத்த காலம் முதல் அவர் தேடிய விஷயம் ஒன்று அங்கே இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அவர் சொன்னது, "ரெண்டு பேரும் ஒரே பட்டறையா" என்பது மட்டும்தான்.

"ஆமா. அடிபட்டா எந்தப் பேச்சு வருமோ அது வருது."

"இருந்தாலும், தலைவன் இப்படியா..." என்று இழுத்தார்.

கதவோரத்திலிருந்து தேவராஜ் பேசினார். "அண்ணாச்சி, போன வருசம் உங்க கால்ல பேப்பரு கட்டு உயுந்துச்சே. அப்ப இன்னான்னு கத்தினீங்க? ஐயகோன்னா கத்தினீங்க?"

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். "என்னன்னு கத்துனேன்?"

"'ஏ யெம்மோ, செத்தம்லே'ன்னு. தெருமுன வரைக்கும் கேட்டுச்சு."

இந்த முறை கலைச்செல்வி குனியவில்லை. நேராகவே சிரித்தாள். அண்ணாச்சியின் மீசை லேசாக அசைந்தது. கம்பியில் தொங்கிய தாளின் பக்கம் திரும்பி, கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு வாசித்தார்.

"கையக் குடு மாமூ. ஒண்ணும் இல்ல. நான் இருக்கேம்லா."

அந்த வரியை அதற்கு முன்போ பின்போ யாரும் அப்படிக் கொலை செய்ததில்லை.

"ஒண்ணியும் இல்ல," என்றார் தேவராஜ். "'நான் கீறன்ல.' மாமூன்னு இழுக்காதீங்க, தாலாட்டு மாதிரி கீது. வெட்டிச் சொல்லுங்க."

அண்ணாச்சி பக்கத்தின் மேலே போய், கூரை சரிவதிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். நான் கலைச்செல்வியைப் பார்த்தேன். இரண்டாவது வாசிப்பு.

"கைய குடு மாமு. ஒண்ணியும் இல்ல. நான் கீறன்ல."

"ஆங்," என்றார் தேவராஜ்.

அதற்கு மேல் யாரும் எதையும் பேசித் தீர்க்கவில்லை. மன்னிப்பு என்ற சொல் அந்த அறையில் எழவில்லை. அண்ணாச்சி கடைசிப் பக்கம் வரை வாசித்துவிட்டு முன்புறக் கடைக்குப் போனார். கொருக்குப்பேட்டை ஆளுக்கு, வேறு இடம் இருந்தால் பார்த்துக்கொள்ளச் சொல்லியனுப்பினார். மெஷினில் ஏற்றும் அச்சுத் தகடு வந்த காலையில் நான் போனபோது, தேவராஜ் மூன்றாவது ரோலரிடம் பேசிக்கொண்டிருந்தார். முதல் நல்ல தாளை உருவி, வெளிச்சத்தில் பிடித்து, மையைப் பார்த்தார். பிறகு வாசகத்தையும் படித்தார். அதில் இருப்பது தான் பேசியது என்று அவருக்குத் தெரிந்ததா என்று நான் கேட்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

புத்தகம் வெளிவந்த வாரம் டீக்கடையில் நின்றிருந்தேன். லாரி வரிசை நகரவில்லை. இரண்டு லோடுமேன்கள் ஒரு பிரதியை விரித்து வைத்திருந்தார்கள். ஒருவர் யாருக்குக் கை தட்டுவது என்று முன்பு கேட்டவர்.

"டேய், காவலனும் நம்ம ஏரியாவாடா?"

"பின்ன? தோள்ல பாரு, நங்கூரம். ஹார்பர்ல செஞ்ச மாலு."

"இத்தினி நாளு சொல்லவே இல்ல. இன்னா பேச்சு பேசினான்."

"வெள்ள சட்ட போட்டதும் மறந்துட்டான்பா."

"ஞாபகம் வந்துச்சுல்ல. உடு."

நான் டீயைக் குடித்துவிட்டு வந்தேன். நாளிதழில் இருந்தவரை என் தலைப்பை யாராவது இப்படிப் பேசிக் கேட்டதில்லை.

ஐந்தாம் பாகத்தில் பழைய சிக்கல் திரும்பியது. பட்டறை ஒன்று என்று தெரிந்த பிறகு இரண்டு படைகளிலும் எல்லாரும் எல்லாப் பேச்சும் பேசத் தொடங்கினார்கள். யார் எந்தப் பக்கம்? அதைக் கலைச்செல்வி தீர்த்தாள். எழுத்து நறுக்கை ஒட்டும்போது, பாரந்தூக்கியின் படைக்கு மட்டும் பலூனின் நான்கு மூலைகளையும் சாய்வாக வெட்டி, வெட்டிய ஓரத்தில் கோடு போட்டாள். போல்ட் தலை மாதிரி இருந்தது. ஒரு பக்கம் படித்தால் போதும், வாசகருக்குப் பிடிபட்டுவிடும். முதல் பாகத்திலேயே இது தோன்றியிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. அதில் எனக்கு வருத்தமில்லை.

தொலைபேசியில் கேட்ட பெண்ணிடம், "அந்த ரோபோக்களை எந்தப் பட்டறையில செஞ்சாங்கன்னு பாருங்க" என்றேன். "ஸ்கிரிப்ட்ல அது இல்லயே மேடம்" என்றார். "படத்துல இருக்கும். நிறுத்தி நிறுத்திப் பாருங்க" என்றேன். பார்த்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஐந்தாம் பாகத்தைப் பற்றி இன்னொன்று. அதில் ஒரு புதிய ரோபோ வருகிறான். வயிறு பெருத்த ஒரு கிடங்கு எந்திரம். போர்க்களத்துக்கு நடுவில் எண்ணெயும் உதிரிப் பாகங்களும் வைத்திருக்கிறான். இரண்டு படையும் அவனிடம்தான் வந்தாக வேண்டும். யாருக்கும் ஒரு சொட்டு குறையாமல் அளந்து ஊற்றுகிறான். அவன் பேசும் பலூன்கள் காலியாக இருந்தபோது தேவராஜ் என் மேஜைக்கு வந்து பார்த்தார்.

"டீச்சரம்மா, இந்த ஆளு எந்த ஊருன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

எனக்கும் தெரிந்திருந்தது. எழுதினேன். கலைச்செல்வி ஒட்டினாள். பக்கங்கள் கம்பியில் ஏறின. மூன்று பேரும் வேறு வேலை பார்ப்பது போல் நின்றோம். அண்ணாச்சி வாசித்துக்கொண்டே வந்து, கிடங்கு எந்திரத்தின் முன்னால் நின்றார்.

"வாரும் வே. சண்டைய வெளிய வச்சிக்கிடும். இங்கன எல்லாவனுக்கும் ஒரே அளவுதான்."

நின்றார். எங்களைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்குக் கை போனது, கழற்றாமல் சரிசெய்துகொண்டார்.

"இவன் எந்தப் பக்கம் வே?" என்று தேவராஜைக் கேட்டார்.

"மூல வெட்டாத பலூனும் இல்ல, வெட்டின பலூனும் இல்ல அண்ணாச்சி. ரேடியோ ஸ்டேசன் அவனுக்குன்னு தனியா ரெண்டு மூல மட்டும் வெட்டிக்கீது."

அண்ணாச்சி பக்கத்தை நெருங்கி மூலைகளைப் பார்த்தார். பின்னால் நகர்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, மேலிருந்து மறுபடி வாசித்தார். அந்தத் தடவை தேவராஜ் எதையும் திருத்தவில்லை.